சொந்தக் குரலில் பேசவும்

இருபத்திரண்டு வருஷம் அந்தப் பேருந்து நிலையத்தில் அவர் குரல்தான் ஒலித்தது. எந்த வண்டி எந்த நடைமேடை, எது தாமதம், எது கிளம்பப்போகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்லிச் சொல்லியே அவருக்கு 'மைக்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. தொண்டையில் கட்டி வந்து குரல்வளையை எடுத்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. பழக்கதோஷத்தில் கூப்பிட்டுவிட்டு ஆட்கள் நாக்கைக் கடித்துக்கொள்வார்கள்.

நிர்வாகம் அவரை, பயணிகள் விட்டுப்போன பொருள்களை வைக்கும் அறைக்கு மாற்றியது. ஒரு மேசை, ஒரு பழைய தொலைபேசி, சுவர் முழுக்கக் குடைகளும் பைகளும் ஒற்றைச் செருப்புகளும். வருகிறவர்களுக்குத் தாளில் எழுதிக் காட்டுவார். ஆனால் மூக்குக்கண்ணாடியைத் தொலைத்துவிட்டு வருகிறவரிடம் எழுதிக் காட்டி என்ன பயன்?

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் லீவில் வந்தபோது அவர் மொபைலில் ஒரு ஆப் போட்டுக்கொடுத்தாள். "நீங்க டைப் பண்ணுங்கப்பா, அதுவே பேசும். ஏழு நாள் இலவசம். பிடிக்கலைன்னா நிறுத்திக்கலாம்." இலவசத்துக்கு எதற்கு வங்கிக் கார்டு எண் என்று அவர் புருவத்தால் கேட்டார். "எல்லாத்துலயும் கேப்பாங்கப்பா" என்றாள்.

ஆப் சுத்தமான தமிழில் பேசியது. "எனக்குக் குடிப்பதற்குத் தண்ணீர் வேண்டும்" என்று அது சொன்னதும் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "செய்தி வாசிக்கிறவர்கூட குடும்பம் நடத்துற மாதிரி இருக்குங்க." அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

ஆனாலும் வருஷக் கட்டணம் கட்டுப்படியாகாது என்று ஆறாம் நாள் அவர் 'நிறுத்து' என்ற பொத்தானை அழுத்தினார். உண்மையாகவா என்று கேட்டது. ஆமாம் என்றார். எங்களைப் பிரிய மனம் வருகிறதா என்றது. அதற்கும் ஆமாம். 'நன்றி' என்று வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் காலையில் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி. ஒரு வருஷக் கட்டணம் மொத்தமாகப் போயிருந்தது, மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல். ஆப்பைத் திறந்து பார்த்தார். அந்த நன்றிக்குக் கீழே எறும்பு ஊர்வதுபோல ஒரு வரி: 'நிறுத்தத்தை உறுதிசெய்ய எங்கள் எண்ணை அழைத்துப் பேசவும்.'

பேசவும். அந்த வார்த்தையையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அலுவலகத் தொலைபேசியில் எண்ணைச் சுழற்றி, ரிசீவர் பக்கத்தில் மொபைலைப் பிடித்தார். எதிர்முனையில் ஒரு பையன். அவர் டைப் செய்து முடிப்பதற்குள், "ஹலோ, ஹலோ, கேக்கலைங்க" என்று வைத்துவிட்டான். அடுத்த தடவை எல்லா வாக்கியங்களையும் முன்கூட்டியே அடித்து வைத்துக்கொண்டார். அப்போது வேறொருவன் வந்தான். "சார், ஏதோ ரெக்கார்டிங் ஓடுது. அதை நிறுத்திட்டு நேரா பேசுங்க."

"இதுதான் என் குரல். உங்கள் செயலிதான் எனக்காகப் பேசுகிறது" என்றது ஆப்.

"ரெக்கார்டிங்குக்கு நாங்க பதில் சொல்லக் கூடாது சார்." அதோடு இணைப்பு போயிற்று.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்து சேர்ந்தாள். அவள் அழைத்தபோது எதிர்முனையில் பேசியது ஒரு பெண், தன்மையாகத்தான் பேசினாள். ஆனால் பேச்சு நகரவில்லை.

"மன்னிக்கணும் மேடம். கணக்கு யார் பேர்ல இருக்கோ அவங்கதான் சொந்தக் குரல்ல சொல்லணும்."

"அவருக்குக் குரல் இல்லைம்மா."

"புரியுது மேடம். ஒரே ஒரு வார்த்தை, 'சம்மதம்'னு சொன்னாக்கூடப் போதும்."

"பேச முடியாதுன்னுதானேம்மா உங்க ஆப்பையே போட்டோம்!" மனைவியின் குரல் உடைந்தது. குடை தேடி வந்த ஒருவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

மைக் ரிசீவரை வாங்கி வாயருகே வைத்துக்கொண்டார். உதடுகள் அசைந்தன. மூச்சு விடக் கழுத்தில் போட்டிருந்த துளையில் காற்றுதான் சீறியது. அந்தப் பெண் மெதுவாக, "சார், மெயில் போட்டுப் பாருங்க. என்னால வேற எதுவும் பண்ண முடியாது" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை என்று அவருக்குப் பட்டது.

மருத்துவச் சான்றிதழை இணைத்து மெயில் போட்டார். நாலாம் நாள் பதில் வந்தது. கட்டணம் எடுத்த பிறகு செயலியைப் பயன்படுத்தாதவர்களுக்கு மட்டும்தான் பணம் திரும்பக் கிடைக்குமாம். அவர் பணம் போன அன்று ஒரே நாளில் நாற்பத்தோரு முறை பயன்படுத்தியிருக்கிறாராம். அந்த நாற்பத்தொன்றும் அவர்களிடமே மன்றாடியது என்று மறுபடி எழுதினார். ஒரு எழுத்து மாறாமல் அதே பதில் திரும்பி வந்தது.

வங்கிக்குப் போனார்கள். கவுன்டரில் இருந்தவர் கணினியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கார்டு விவரம் நீங்களே குடுத்திருக்கீங்க. போனது போனதுதான் சார். வேணும்னா கார்டை மாத்திடலாம், அடுத்த வருஷம் எடுக்க முடியாது." மாற்றிக்கொண்டு வந்தார்கள்.

விஷயம் தெரிந்து மகள் போனில் அழுதாள். "என் தப்புப்பா. நான் அவசரப்பட்டு அந்தக் கார்டைப் போட்டிருக்கக் கூடாது." உன் தப்பு இல்லை என்று சொல்ல அவருக்கு ஆப்பைத் திறக்கப் பிடிக்கவில்லை. விரலால் போனை மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தார். "அப்பா, இருக்கீங்களா?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அழிச்சுத் தொலைங்க அந்தச் சனியனை" என்றாள் மனைவி. அவர் அழிக்கும் இடத்தில் விரலை வைத்தார். அவளே கையைப் பிடித்து நிறுத்தினாள். "வேண்டாம். காசும் போயி அதுவும் போகணுமா?"

மறுநாள் காலை அறையைத் திறந்தபோதே ஒரு பெரியவர் காத்திருந்தார். கண்ணாடியை முந்தின நாள் வண்டியில் விட்டுவிட்டாராம். சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே வந்து, "யாராவது இருக்கீங்களா?" என்றார். மைக் தாளை எடுத்தார், கீழே வைத்தார். மொபைலை எடுத்து ஆப்பைத் திறந்து, எந்த வண்டி என்று கேட்டு அடித்தார்.

"நல்ல குரல் சார் உங்களுக்கு" என்றார் பெரியவர்.

மைக் தலையை ஆட்டினார். அது பெரியவருக்குத் தெரியவில்லை. எனவே, 'நன்றி' என்று அடித்தார்.