ஜெசி ஓடாத மூன்று வருஷம்

போன வியாழக்கிழமை என் மகள் ஜெசி ஐம்பது மீட்டர் ஓட்டத்தில் ஆறாவதாக வந்தாள்.

ஓடியவர்களே ஆறு பேர்தான்.

மைதானத்தின் ஓரத்தில் நின்று நான் தட்டிய கைதட்டலில், முதல் பரிசு வாங்கிய பெண்ணின் அம்மாவே என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டுமே! திரும்பும் வழியில் அரைக் கிலோ ஜாங்கிரி வாங்கினேன். அதைத் தின்ன வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டே பேர் என்பது, வாங்கிய பிறகுதான் உறைத்தது.

கடைசியாக வந்ததற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்? சொல்கிறேன்.

போன வருஷ ஸ்போர்ட்ஸ் டேயில் ஜெசி ஓடவில்லை. கழுத்தில் விசில், கையில் நோட்டு. "மூணு வருஷமா இவதாங்க எங்க ஸ்கோரர். அவ்வளவு பொறுப்பு" என்றார் அவளுடைய பி.டி. டீச்சர். நானும் டீச்சர்தான், வேறு பள்ளியில். பொறுப்பு என்று யாராவது சொன்னால் எங்களுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

வீட்டுக்கு நடக்கும்போது சும்மாதான் கேட்டேன். "உனக்கு ஓட ஆசையே இல்லையாடி?"

"ஓடுனா நெஞ்சுக்குள்ள கீச்சு கீச்சுன்னு சத்தம் வருதும்மா. மூச்சு பத்தல. அதான் நோட்டு நான் எழுதுறேன்னு மிஸ்கிட்ட கேட்டு வாங்கிக்கிட்டேன்."

"மூணு வருஷமாவா? ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ அழுவ. அப்பாவும் மஸ்கட்ல இருக்காரு. உன்னை யாரு சமாதானப்படுத்துறது?"

ஒன்பது வயது அவளுக்கு. நடுத்தெருவில் நின்றுவிட்டேன்...

தஞ்சாவூர் டாக்டர் அவளை, மூச்சின் வேகத்தை அளக்கும் ஒரு குழாயில் ஊதச் சொன்னார். முள் கொஞ்சம் நகர்ந்து நின்றது. மறுபடி ஊதினாள். அதே இடம்.

"வீட்ல யாரும் சிகரெட் பிடிப்பாங்களா?"

"சிகரெட் பிடிக்க வீட்ல ஆம்பளையே இல்லைங்க."

"அப்ப பக்கத்துல என்ன இருக்கு?"

என்ன இருக்கிறது? மாடர்ன் ரைஸ் மில். என் கணவர் மஸ்கட்டில் உழைத்து நன்னிலத்தில் கட்டிய வீட்டுக்கு, ஒரு வருஷம் கழித்து வந்து சேர்ந்த பக்கத்து வீட்டுக்காரர். பாய்லரில் உமி எரிப்பார்கள். கொடியில் காயும் துணியெல்லாம் கறுப்புப் பொடி. நான் துணியை உதறி மடித்தேன். மூச்சை எப்படி உதறுவது?

"ஒரு நாள் புகைன்னா இருமிட்டுப் போயிடலாம்" என்றார் டாக்டர். "வருஷக்கணக்கா உள்ள போனா நுரையீரல் வளர வேண்டிய அளவு வளராது. உங்களுக்கு வளர்ந்து முடிஞ்சாச்சு. இவளுக்கு இப்பத்தானே வளருது."

மில் சிம்னியில் தூசி தடுப்பான் வைக்கச் சொல்லி கலெக்டருக்கு ஒரு மனு எழுதி, தெருவில் வீடு வீடாக ஏறினேன். எதிர்வீட்டுச் செல்வியக்காவின் கணவருக்கு அந்த மில்லில்தான் வேலை. மனுவை இரண்டு தரம் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். உங்களுக்கு மஸ்கட் இருக்கு. எங்களுக்கு மில்லுதான் மஸ்கட்."

கடைசியில் அந்த மனுவில் ஒரே கையெழுத்துதான் இருந்தது. என்னுடையது. அப்படியே அனுப்பினேன்; பதில் இன்னும் வரவில்லை.

அந்த வாரம், அவருக்கு லீவு நாளான வெள்ளிக்கிழமை, போனில் கணவரிடம், வீட்டை விட்டுப் போய்விடலாமா என்று கேட்டேன்.

"அந்த வீட்ல நான் மொத்தம் எத்தனை நாள் தூங்கியிருக்கேன் தெரியுமா?"

"தெரியாது."

"அறுபத்தியோரு நாள்." பிறகு, "பாப்பாவுக்கு மூச்சு முட்டுதுன்னா... கிளம்பிடு" என்றார்.

ஊரின் மறுகோடியில், வயலை ஒட்டிய வாடகை வீடு. அக்கம்பக்கத்தில் பேச்சுத்துணை கிடையாது. வாசலில் நின்றால் நடவு வயலும் கொக்கும்தான். ஆனால் வெள்ளைத் துணி வெள்ளையாகவே காய்கிறது. மருந்தும் தவறாமல் போகிறது. எட்டு மாதம் கழித்துக் குழாயில் ஊதியபோது முள் கொஞ்சம் மேலே ஏறியது. "வளராம விட்டதெல்லாம் திரும்ப வருமான்னு இப்ப சொல்ல முடியாது. ஆனா ஓடட்டும்" என்றார் டாக்டர்.

ஓடினாள். ஆறாவது. போதும்.

மறுநாள் சாயங்காலம் செல்வியக்கா வந்தார், தன் இளைய மகளைக் கையில் பிடித்துக்கொண்டு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அந்த தஞ்சாவூர் டாக்டர்கிட்ட எங்களையும் கூட்டிட்டுப் போறீங்களா டீச்சர்? இவ மாடிப்படி ஏறுனாலே உக்காந்துர்றா. எங்க வீட்டுக்காரருக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா வேலைக்குப் போகும்போதெல்லாம் மனசு கெட்டுப்போவும் அவருக்கு."

ஜாங்கிரி மீதம் இருந்தது. குழந்தைகள் இரண்டு பேரும் தின்றார்கள். நான் தஞ்சாவூர் பஸ் நேரத்தைச் சொன்னேன்.

நாளை காலை பஸ்ஸில் நாலு பேரும் போகிறோம். இந்த முறை டாக்டர் அறைக்கு வெளியே நான் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டாம் — அதை நினைத்து ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன் பாருங்கள், அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.