படத்தின் ஆரம்பம் மட்டும்

என் கணவர் வளைகுடாவில் ஒரு பெரிய கட்டடத்துக்குக் காவல் வேலை பார்க்கிறார். நான் இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளின் கடைசிக் காம்பிராவில், ஒற்றை அறையில் தனியாக இருக்கிறேன். பள்ளிக்கூடச் சீருடை, பிளவுஸ் என்று கிடைப்பதைத் தைத்துக் கொடுப்பேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

வெள்ளிக்கிழமை அவருக்கு ஓய்வு. அங்கே காலை, இங்கே மதியம் திரும்பும் நேரத்தில் கூப்பிடுவார். முதல் ஒன்றிரண்டு வருடம் சாப்பாடு, மழை, உடம்பு என்று பேசினோம். பிறகு பேச எதுவும் இல்லாமல் போயிற்று. இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்போம். அப்படி ஒரு நாள்தான் அவர் கேட்டார், "ஒரு சண்டைப் படம் பாப்பமா? நீ அங்க போடு, நான் இங்க போடுறேன்."

அவர் முன்பு லீவில் வந்தபோது கொண்டுவந்த டேப்லெட்டைத் தையல் மெஷின் மேல் சாய்த்து வைத்தேன். ஒரே நேரத்தில் இரண்டு பேரும் அழுத்தினோம். காதோரம் போனில் அவர். எங்கள் பக்கம் மதியத்துக்கு மேல் பனி இறங்கினால் சிக்னலும் போய்விடும். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் திரை உறைந்து நடுவில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது, போனும் அறுந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை விட்ட இடத்திலிருந்து பார்க்காமல் அவர் வேறு படம் போடச் சொன்னார். அதுவும் தொடக்கத்தோடு நின்றது. அதன் பிறகு நாங்கள் தொடக்கங்களை மட்டுமே பார்த்தோம். அதை ஒரு குறையாக நினைக்கவில்லை.

ஒரு படம் மீன் சந்தையில் தொடங்கியது. கேமரா ஒருவனுடைய பிடரிக்குப் பின்னாலேயே போனது.

"மூஞ்சியவே காட்ட மாட்டேங்கிறான் பாரு," என்றார் அவர். "நம்மளையும் அவன் பின்னாலயே நடக்க விடுறான். முன்னால என்ன இருக்குன்னு நமக்கும் தெரியாது."

திடீரென்று கேமரா தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய், ஒரு ஜன்னல் கம்பிக்கு உள்ளேயிருந்து அவனைப் பார்த்தது.

"இது யாரோ ஒளிஞ்சு பாக்குற மாதிரி இருக்குங்க," என்றேன்.

"ஆமா. இதையே மேல இருந்து காட்டுனா அந்தப் பயம் வராது. நான் தெனம் டூட்டில கேமராவுல பாக்குறேன்ல, எல்லாரும் எறும்பு மாதிரி போவாங்க. அடிச்சிக்கிட்டாக் கூட ஒண்ணுமே தோணாது."

சில இடங்களில் அவருக்கு நெஞ்சு அடிக்கும், எனக்கு ஒன்றும் ஆகாது. "ஒண்ணுமே நடக்கலியேங்க," என்பேன். அவர் ஒரு காதில் இயர்போனும் மறு காதில் போனும் வைத்துப் பார்ப்பவர். ஹட்டனுக்கு நூல் வாங்கப் போனபோது நானும் ஒரு இயர்போன் வாங்கினேன். அன்றைக்குத்தான் தெரிந்தது, வெறும் சாலையைக் காட்டும்போதுகூட அடியில் ஒரு உறுமல் ஓடிக்கொண்டிருக்கிறது. டேப்லெட்டின் சின்ன ஸ்பீக்கரில் அது வரவே இல்லை. அந்த உறுமல் சட்டென்று நின்றதும் என் தோள் இறுகியது. அடுத்த நொடிதான் வெடித்தது. பயம் வெடிப்பதற்கு முன்னாலேயே வந்துவிட்டது.

இன்னொன்றும் கவனித்தேன். எங்கள் இரண்டு படமும் சரியாகச் சேர்ந்து ஓடாது. அவருடையது எப்போதும் சற்று முந்தி ஓடும். விடாமல் பேசிக்கொண்டிருப்பவர் வாயை மூடினால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். என் திரையில் ஒருவன் தேநீர் குடித்துக்கொண்டிருப்பான், அவரிடமிருந்து மூச்சுக்கூட வராது. நான் தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருப்பேன். எந்த இசையும் எனக்கு அவ்வளவு பயம் காட்டியதில்லை.

ஒருமுறை நான் போனில் "இப்ப சுடப்போறான்" என்றது காதில் விழுந்து, பக்கத்துக் காம்பிரா அக்கா கொழுந்துக் கூடையோடு வாசலில் வந்து நின்றார். "யாரும்மா சுடப்போறான்? நீ தனியாத்தானே இருக்க?" என்று உள்ளே எட்டிப் பார்த்தார். நான் போனைக் காட்டினேன். அக்கா சிரிக்கவில்லை. "சரி பேசு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

போன வருடம் என் கணவர் மறுபடி லீவில் வந்தார். வந்த வாரமே வெள்ளிக்கிழமை மதியம் நான் வேலையை ஒதுக்கி வைத்தேன். டேப்லெட்டைக் கட்டிலில் வைத்து இரண்டு பேரும் சாய்ந்து உட்கார்ந்தோம். ஒரு மலைப்பாதை. கேமரா வளைவுக்கு வளைவு லாரியின் சக்கரத்தை ஒட்டியே போனது. இருமல் சத்தம் மட்டும் கேட்டது, ஓட்டுகிறவனைக் காட்டவில்லை. நல்ல தொடக்கம். அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். கடைசியில் நானே, "ஏன் ஆளக் காட்ட மாட்டேங்கிறாங்க?" என்று கேட்டேன். "ம்," என்றார். கொஞ்ச நேரத்தில் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

நான் படத்தை நிறுத்திவிட்டு அவர் பின்னால் போனேன்.

"புடிக்கலையாங்க?"

"படம் நல்லாத்தான் இருக்கு." எதிர்மலையைப் பார்த்தபடியே சொன்னார். "பக்கத்துல ஆள் இருந்தா எனக்குப் பேச வர மாட்டேங்குது. அங்க ரூம்ல அத்தன பேரு இருக்காங்க, யாரும் யாரோடயும் பேசுறதில்ல. போன் இருந்தாத்தான் பேச்சு வருது."

நான் தேத்தண்ணி போடவா என்று கேட்டேன். போடு என்றார். குடித்தோம். மீதி லீவு கோயில், கல்யாண வீடு, கூரை வேலை என்று போனது. அவர் என்னிடம் அன்பாகத்தான் இருந்தார். படம் மட்டும் பார்க்கவில்லை.

அவர் போன பிறகு அந்த லாரிப் படத்தை ஒரு பகலில் தனியாக முழுதாகப் பார்த்தேன். தொடக்கம் முடிந்ததும் எல்லாரும் சுட்டுக்கொண்டார்கள். கேமரா ஓரிடத்தில் நிற்கவில்லை, இசை ஒரு நொடியும் ஓயவில்லை. பார்க்கப் பார்க்க அலுப்பாக இருந்தது.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கூப்பிட்டவர் எடுத்தவுடனே, "இன்னும் ரெண்டு வருசம் இங்கயே வேலைன்னு எழுதிக் குடுத்துட்டேன்," என்றார். என்னைக் கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம் என்று மனதில் பட்டது. "சரிங்க," என்றேன். "படம் போடவா?" என்றார். போட்டோம். துறைமுகம், இருட்டு, தண்ணீர்ச் சத்தம். அவர் குரலில் உற்சாகம் ஏறியிருந்தது. கேமரா ஏன் தண்ணீரை ஒட்டியே வருகிறது, படகு எஞ்சினை ஏன் தூரத்தில் வைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். திரையில் என்ன நடந்தது என்று எனக்கு நினைவில்லை. அவர் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.