பாதை மறித்த நாட்களின் பால்

கொரோனாக் காலத்தில் மண்டைதீவுச் சந்தியில் யாழ்ப்பாணத்துக்குப் போகும் பாதையை மறித்திருந்தார்கள். வேலணையிலிருந்து பட்டணத்துக்குப் பால் கொண்டுபோகும் ஒருவரை அங்கேதான் முதலில் கண்டேன். மெலிந்த மனிதர். சைக்கிளை நிறுத்தும்போதெல்லாம் பால் கானின் மூடியைத் திறந்து, பால் பழுதாகிவிட்டதா என்று மணந்து பார்ப்பார்.

அன்று அவரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பட்டணத்து வீடுகளில் இருந்து பால் கேட்டு அவருக்கு அழைப்பு வந்தபடி இருந்தது. மீன்பிடிக் குடும்பங்கள் வாழும் எங்கள் ஒழுங்கையிலோ, அந்தச் சின்னத் தெருவில், ஊரடங்கால் யாரும் கடலுக்குப் போகவில்லை; கையில் காசும் இல்லை. பிள்ளைகள்கூட வெறும் தேத்தண்ணிதான் குடித்தார்கள்.

அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு என் பக்கத்து வீட்டுக்கு வந்தார்.

"காசு வேண்டாம் அக்கா. ஏனத்தைக் கொண்டு வாங்கோ."

அந்த வீட்டுக்காரி மூன்று பிள்ளைகளின் தாய். வாசல் படலையைத் திறக்கவில்லை.

"வேண்டாம் அண்ணை. பிள்ளையள் குடிச்சுப் பழகினால் பிறகு நான் எங்கை போறது?"

பால்காரர் களைத்துப்போய் நின்றார். "பாதை திறக்கும்வரைக்கும் தாறன்."

"திறந்தால்?"

"திறந்தால் ஏலாது, அக்கா. என்ரை வீட்டிலும் சீவிக்க வேணும்."

ஒளிவுமறைவில்லாத அந்தப் பதிலுக்குப் பிறகுதான் அந்த அம்மா உள்ளே போய்ச் செம்பை எடுத்து வந்தார். பன்னிரண்டு நாட்கள் பால் வந்தது.

பாதை திறந்த காலையில் எங்கள் ஒழுங்கை முகப்பில் பால்காரர் சைக்கிளை விட்டு இறங்கினார். கான்கள் சத்தம் போடாதபடி கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து கடந்தார். பிள்ளைகளுக்குக் கேட்கக்கூடாது என்றா, தாயின் முகத்தைப் பார்க்க முடியாமலா, எனக்கு இன்னும் தெரியவில்லை.