சித்தி கேட்ட நிலா

மாலை ஆறு மணி இருபத்து நான்கு நிமிடம். காரைக்கால் கடற்கரையில் முதலில் கண்ணில் பட்டது நிலா அல்ல. கடலும் வானமும் சேரும் கோடு அன்று தெரியவில்லை. கோடைக்கு முந்தைய நாட்களின் மங்கல் அதை மூடியிருந்தது. அந்த மங்கலுக்கு நடுவே, சூளையிலிருந்து எடுத்த செங்கல்லின் நிறத்தில், ஒரு கறை. வட்டமாகக்கூட இல்லை. சித்தி கணுக்கால் நனைய நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய வலது மணிக்கட்டில் ஒரு கயிறு மாட்டியிருந்தது. அதன் மறுமுனை, அவளுக்குப் பின்னால், உலர்ந்த மணலில் காலை ஊன்றி நின்ற மாமாவின் கையில் இருந்தது. நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். எதைப் பார்த்தாலும் உடனே மணி பார்க்கும் பழக்கம், பத்திரிகை வேலைக்கு வருவதற்கு முன்பே எனக்கு இருந்தது.

சித்தி என் அம்மாவின் கடைசித் தங்கை. என்னைவிட இரண்டு மாதம் இளையவள். அம்மாவும் அப்பாவும் திருப்பூரில் வேலையில் இருந்ததால், கோட்டுச்சேரிக்கு மேற்கே இருந்த மாமா வீட்டில்தான் நான் வளர்ந்தேன். தாத்தா இறந்த பிறகு அந்த வீட்டுக்கும் வயலுக்கும் தங்கைக்கும் மாமாதான் பொறுப்பு. நானும் சித்தியும் ஒரே பள்ளி, பிறகு காரைக்காலில் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு. முதல் நாள் கடைசி பெஞ்சிலிருந்து நான், "சித்தி, இங்க எடம் இருக்கு, வா" என்று கூப்பிட்டேன். வகுப்பு முழுவதும் திரும்பி, யாரோ நடுவயதுப் பெண்மணியைத் தேடியது. ஒல்லியாக, ரெட்டைச் சடையோடு சித்தி வந்து உட்கார்ந்தாள். அன்றோடு அவள் பெயர் போயிற்று. வகுப்புக்குச் சித்தி, கேன்டீன்காரருக்குச் சித்தி. ஓய்வு பெறும் வயதில் இருந்த விலங்கியல் பேராசிரியர்கூட, வருகைப் பதிவு எடுக்கும்போது தலையைத் தூக்கி, "சித்தி வந்தாச்சா?" என்று கேட்பார். அவள் எழுந்து நின்று, "வந்துட்டேன் சார்" என்பாள், ஒரு சித்திக்குரிய கம்பீரத்தோடு.

எங்களுக்கு விதிக்கப்பட்டது ஒரே விதி: மாலை ஐந்து மணிப் பேருந்தில் ஏறிவிட வேண்டும். அதற்கு உட்பட்டு எவ்வளவு தூரம் போக முடியும் என்பதைச் சித்தி மூன்று வருடம் ஆராய்ந்தாள். புதன்கிழமைகளில் மதியத்துக்கு மேல் வகுப்பு இல்லை. பேருந்து நிலையத்துக்குப் போய், இதுவரை ஏறாத ஒரு பேருந்தில் ஏறி, அதன் கடைசி நிறுத்தம் வரை போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவது அவள் கண்டுபிடித்த விளையாட்டு. அப்படித்தான் அம்பகரத்தூரைப் பார்த்தோம், நெடுங்காட்டைப் பார்த்தோம். வாஞ்சூரில் புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு தொடங்கும் இடத்தில் சித்தி இந்தப் பக்கம் ஒரு காலும் அந்தப் பக்கம் ஒரு காலும் வைத்து நின்று, ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்றாள். "ரெண்டு மாநிலத்துல நின்னு ஒரே பழத்தைத் தின்ன ஆளு நம்ம குடும்பத்துல உண்டாடி?" என்று கேட்டாள். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று அப்போது யோசித்தேன். அந்தப் பழத்தின் ருசியை இன்றும் அவளால் சொல்ல முடியும். எத்தனையோ ஊர் போய்ச் செய்தி எழுதிய எனக்கு, அப்படி நினைவில் நிற்கும் பழம் ஒன்றுகூட இல்லை.

ஊர் சுற்றியதை அவள் வீட்டில் மறைத்ததில்லை. ராத்திரி சாப்பாட்டின்போது அன்றைய பயணத்தை முழுவதுமாகச் சொல்வாள்: ஓட்டுநர் யாரோடு சண்டை போட்டார், கடைசி நிறுத்தத்தில் நாய் எத்தனை குட்டி போட்டிருந்தது. மாமா கேட்காதவர்போல ரசத்தைப் பிசைந்துகொண்டிருப்பார். "வீட்ல சொல்ல முடியாத சந்தோஷம் எனக்கு வேணாம்டி. செரிக்காது" என்பாள் சித்தி. அவள் சொல்லாமல் விட்ட இடம் ஒன்றுதான். அங்கே நாங்கள் போகவே இல்லை. கல்லூரியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்த கடற்கரை.

அதற்குக் காரணம் இருந்தது. சுனாமி வந்தபோது எங்களுக்குப் பத்து வயது. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. மாமா வயலில் மருந்து அடித்துக்கொண்டிருந்தார். கடலோர ஊர்களுக்கு வண்டி வேண்டும் என்று ஆள் வந்து சொன்னதும், டிராக்டரில் டிரெய்லரை மாட்டிக்கொண்டு கருக்களாச்சேரிப் பக்கம் போனார். மறுநாள் பொழுது சாயத்தான் திரும்பினார். வீட்டுக்குள் வராமல் டிரெய்லரை வாய்க்கால் ஓரம் நிறுத்தி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். இருட்டிய பிறகும் கழுவிக்கொண்டிருந்தார். அந்த வருட அறுவடைக்கு நெல் மூட்டைகளை அந்த டிரெய்லரில் ஏற்றவில்லை. வாடகைக்கு வேறு வண்டி வந்தது. என்ன பார்த்தார் என்று அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. அதுவரை ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கடலில் முழுக்குப் போட்டு வந்தவர், பிறகு ஊர்க் குளத்தோடு நிறுத்திக்கொண்டார்.

இறுதியாண்டில் ஒரு நாள் கேன்டீனில் பேச்சு நிலாவைப் பற்றித் திரும்பியது. நிலா எங்கள் ஊரில் ஏழு மணிக்கு, களத்துக்குக் கிழக்கே இருக்கும் மூங்கில் கொல்லைக்கு மேலே வரும் என்று சித்தி சொன்னாள். பௌர்ணமி நிலா உதிக்கும் நேரம் ஏழு என்றுதான் நானும் பிறந்ததிலிருந்து நம்பியிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த எங்கள் வகுப்புத் தோழி கருக்களாச்சேரிப் பெண். அவள் கையிலிருந்த வடையைக் கீழே வைத்தாள்.

"கடல்ல ஏதுடி மூங்கில்? அங்க சூரியன் எறங்கையிலயே இது ஏறிடும். பாத்ததே இல்லையா?"

"இல்ல."

"ரெண்டு பேருமேவா? அடிப்பாவிகளா. இனிமே வெளியூர்ல போயி காரைக்கால்னு சொல்லிக்காதீங்க. திருவாரூர்னு சொல்லுங்க."

சித்தி சிரிக்கவில்லை. பேருந்தில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். ஓசூரிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. கிட்டத்தட்ட முடிவான மாதிரிதான். தேர்வு முடிந்தால் காரைக்காலுக்கு வர அவளுக்கு ஒரு காரணமும் இருக்காது. தேர்வுக்கு முன்பு மூன்று பௌர்ணமிகள் இருந்தன.

பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சிறப்பு வகுப்பு என்றால் மாமா நம்பியிருப்பார். சித்தி கேட்டாள். முதல் முறை கேட்டபோது மாமா சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

"பௌர்ணமிக்குக் கடலா? அன்னிக்குக் கடல் ஏறும். தெரியும்ல?"

"கடல் தெனமும்தான் ஏறுது, எறங்குதுண்ணே."

"வாய நீட்டாத, பாப்பா."

அடுத்த மாதமும் கேட்டாள். அவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போனார். மூன்றாவது மாதம், உளுந்து பிடுங்கி முடித்த நேரம், அவள் வேறு மாதிரிக் கேட்டாள்: "நீயும் வாண்ணே. நீ எங்க நிக்கச் சொல்றியோ அங்க நிக்கிறேன்." மாமா மோரை ஊற்றிக்கொண்டார். அவர் வேண்டாம் என்று சொல்லாததை அத்தை கவனித்தார், நானும் கவனித்தேன். சித்தி தட்டைக் கழுவிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

பௌர்ணமி அன்று மாலை கல்லூரி வாசலில், வெளுத்த சட்டையும் வேட்டியுமாக மாமா நின்றார். கக்கத்தில் ஒரு யூரியா சாக்கு. கடற்கரைக்குப் போகும் சாலையில், அரசலாற்றை ஒட்டி, அவர் முன்னால் நடக்க நாங்கள் பின்னால் போனோம். தோழியும் சேர்ந்துகொண்டாள். சாக்கில் என்ன என்று சித்தி இரண்டு முறை கேட்டும் அவர் சொல்லவில்லை. மணலில் இறங்கியதும் சாக்கை உதறினார். டிரெய்லரில் வைக்கோல் போரை இறுக்கிக் கட்டும் நைலான் கயிறு. ஒரு முனையில் ஏற்கெனவே கண்ணி போட்டு வைத்திருந்தார். சித்தியின் கையைப் பிடித்து மாட்டிப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது. சுண்டல் வாங்கிக்கொண்டிருந்த பையன்கள் பார்த்துச் சிரித்தார்கள். சித்தி அவர்களைத் திரும்பிப் பார்த்து, "எங்கண்ணன்தான். ஒங்களுக்கும் வேணும்னா வரிசையில நில்லுங்க" என்றாள்.

அவள் தண்ணீரில் இறங்கினாள். மாமா கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு அலையை மட்டும் பார்த்தார். ஒவ்வொரு அலை வரும்போதும் கயிறு விறைத்தது. தோழி அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"அன்னிக்கு எங்கூருக்கு டிராக்டர் எடுத்துட்டு வந்தீங்களாமே, சித்தி சொல்லுச்சு. என்ன கலர் வண்டிண்ணே?"

"செகப்பு."

அவள் இல்லை என்று தலையாட்டினாள். "அப்ப அது வேற. எங்க தெருவுக்கு நீலம்தான் வந்துச்சு." பிறகு, கடலைக் காட்டி, சாதாரணமான குரலில் சொன்னாள்: "எங்க வீட்ல மூணு பேரு போனாங்கண்ணே. நான் தெனமும் இங்கதான் இருக்கேன். வேற எங்க போறது?"

மாமா அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்ததைப் பார்த்தேன். அப்போதுதான் அந்தக் கறை தெரிந்தது.

அதற்குப் பின் நடந்ததை வரிசையாகச் சொல்ல முயல்கிறேன். கறை கொஞ்சம் மேலேறி, மேல் விளிம்பு மட்டும் வளைந்தது. பிறகு, மங்கலுக்குள்ளிருந்து யாரோ தள்ளியதுபோல முழுவதும் வெளியே வந்தது. வண்டிச் சக்கரத்தின் அளவு என்று எழுதினால் ஆசிரியர் பிரிவில் அந்த வரியை அடித்துவிடுவார்கள். அளவு ஒன்றும் மாறுவதில்லை, கண்தான் ஏமாறுகிறது என்பதை நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று அது வண்டிச் சக்கரத்தின் அளவுதான் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால், ஊரின் கூரைகளுக்கு மேல், சூரியனின் கடைசிக் கீற்று இன்னும் அணையவில்லை. இரண்டும் ஒரே உயரத்தில், ஒரே நிறத்தில். ஈர மணல் ஒரு பக்கம் பொன்னாகவும் மறுபக்கம் செம்பாகவும் இருந்தது. கடற்கரையில் பேச்சு குறைந்துபோயிற்று. சுண்டல்காரர்கூடக் கரண்டியை வைத்துவிட்டு நின்றார். தினமும் அங்கேயே இருப்பவர். நாங்கள் பிறந்ததிலிருந்து, எட்டு கிலோமீட்டர் தொலைவில், மாதம் ஒரு முறை தவறாமல், இது நடந்துகொண்டிருந்திருக்கிறது. நாங்கள் மூங்கில் கொல்லையைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம்.

"இது நம்மூரு நிலாதானா?" என்று ஒரு குரல் கேட்டது. என் பக்கத்திலிருந்து அல்ல, முன்னாலிருந்து. மாமா தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. எப்போது நடந்துபோனார் என்று தெரியவில்லை; மணி பார்க்கும் நான் அதைக் கவனிக்கத் தவறிவிட்டேன். கயிறு ஈர மணலில் வளைந்து வளைந்து கிடந்தது. அதன் முனை யார் கையிலும் இல்லை. சித்தி திரும்பி அதைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், அவர் பக்கத்தில் போய் நின்றாள். நிலா செம்பு நிறம் போய் வெளுக்கும் வரை இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். வீட்டுக்கு வந்ததும், சாப்பாட்டின்போது, அத்தையிடம் அவர்தான் சொல்ல ஆரம்பித்தார். சித்தி, கேட்காதவள்போல, ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

இப்போது நான் சென்னையில் ஒரு நாளிதழில் இருக்கிறேன். சூரிய உதயம், சந்திர உதயம் என்று கடைசிப் பக்கத்தின் மூலையில் வரும் சிறிய கட்டத்தைச் சரிபார்ப்பதும் என் வேலைகளில் ஒன்று. யாரும் படிப்பதில்லை என்று சொல்வார்கள். சித்தி படிக்கிறாள். ஓசூரில் ஒரு பள்ளியில் பாடம் நடத்துகிறாள்; இரண்டு பிள்ளைகள். போன மாதப் பௌர்ணமிக்கு அவள் வீட்டில் இருந்தேன். கட்டத்தில் அச்சாகியிருந்த நேரம் கடந்து வெகுநேரமாகியும், எதிர் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு மேலே ஒன்றும் வரவில்லை. மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது சித்தியின் போன் அடித்தது. மாமா. பௌர்ணமிதோறும் காரைக்கால் கடற்கரையிலிருந்து கூப்பிடுவார்; வணக்கம், சௌக்கியம் எதுவும் சொல்வதில்லை. போனைக் கடல் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொள்வார். அலைச் சத்தம் மட்டும் வந்தது. "வந்துருச்சாண்ணே?" என்று சித்தி கேட்டாள். "வந்துருச்சு, பாப்பா. வந்து ரொம்ப நேரமாச்சு" என்றது குரல்.

அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மீதித் துணிகளை எடுத்தாள். மாடியில் கொடியாகக் கட்டியிருப்பது அந்த நைலான் கயிறுதான். ஒரு முனையில் மணிக்கட்டு அளவுக் கண்ணி இன்னும் அவிழ்க்கப்படாமல் இருக்கிறது.