தேவசகாயம் சார் பதிந்துவைத்த பாடங்கள்

செவ்வாய்க்கிழமை காலை, ஷிப்ட் தொடங்கும் நேரத்தில் வாட்ச்மேன் வந்து, "யக்கா, நம்ம தேவசகாயம் சார் போயிட்டாவளாம். நெஞ்சுவலின்னு ஆசுபத்திரிக்குக் கொண்டுபோற வழியிலேயே..." என்றார். கையிலிருந்த துணியை மடித்து முடித்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

எங்கள் ராஜபாளையம் பேண்டேஜ் துணி ஆலையில் அவர் டைப்பிஸ்ட். எண்பதுகளில் சேர்ந்தவர், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். நான் துணியைச் சரிபார்க்கும் பிரிவில் சூப்பர்வைசர். அவருக்குத் திக்குவாய். நல்ல ஆங்கிலம் தெரிந்திருந்தும், வெளிநாட்டார் வரும் நாட்களில் அறையைவிட்டு வெளியே வரமாட்டார். நாங்கள் ஆங்கிலம் தெரியாமல் தலைகுனிந்து நிற்போம்.

ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்த பிறகு, அதில் மைக் பொருத்தி எங்களுக்காகப் பாடங்கள் தயாரித்தார். "இந்த நூல் அறுந்திருக்கிறது", "ஒரு நிமிடம் பொறுங்கள்" என்று வேலையில் நாங்கள் சொல்லவேண்டியவற்றைக் கேட்டறிந்து, ஆங்கிலத்தில் தம் குரலிலேயே பதிந்தார். திக்கிய இடங்களை எல்லாம் வெட்டிவிட்டு, சாப்பாட்டு இடைவேளையில் போட்டுக் காட்டினார். கடகடவென்று ஓடியது, ஒன்றும் பிடிபடவில்லை.

"சார், நீங்க பேசுத மாதிரியே போடுங்க. செத்த நின்னு நின்னு வந்தாத்தான் எங்களுக்கு வெளங்கும்" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "அ... அதைக் கேட்டா சிரிப்பாங்க, பாக்கியம்மா."

"யாரு சிரிக்கா? வெட்டாதீய சார்."

ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. பிறகு, வெட்டாத பாடத்தைப் போட்டார். யாரும் சிரிக்கவில்லை.

ஒருமுறை மேனேஜர் இல்லாத வேளையில் வந்த வெளிநாட்டு வியாபாரி, துணியில் தறி எண்ணெய் பட்ட ஒரு கறையைக் காட்டி முகம் சுளித்தார். ஆர்டரே கைவிட்டுப் போகும் நிலை. "ஆயில்... ஃப்ரம் லூம். திஸ் ரோல்... வி வில் நாட் செண்ட்" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுத் தலையசைத்தார். திரும்பினால், தேவசகாயம் சார் அறையைவிட்டு வந்து நிற்கிறார். அன்றுதான் முதல்முறையாக, திக்கித் திக்கி, அந்த மனிதரிடம் வெகுநேரம் பேசினார்.

அடக்கம் முடிந்த மறுநாள் பாடத்தைப் போட்டோம். அதில் தமிழ்ச் சொல் ஒன்றுகூட இல்லை. "சாப்ட்டாச்சா?" என்று அவர் கேட்பதை இனி எதில் கேட்பேன்?

ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் நாங்கள் திருப்பிச் சொல்ல அவர் நேரம் விட்டிருந்தார். எங்களில் ஒருத்திக்கும் வாய் எழவில்லை. கம்ப்யூட்டருக்குள் சற்றுக் காத்திருந்துவிட்டு, அவர் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டார்.

போய்வாருங்கள், சார்.