சுடலைமுத்து வெட்டாத வடிகட்டி

மாங்குளத்தில் முல்லைத்தீவு வீதி பிரிகிற சந்தியிலிருந்து கூப்பிடு தூரத்தில் சுடலைமுத்துவின் சைலன்சர்க் கடை இருக்கிறது. கடை என்றால் நாலு தூணும் ஒரு தகரக் கூரையும்தான். சைலன்சர் ஓட்டையாகி ஊரைக் கூட்டிக்கொண்டு வருகிற வாகனங்கள் அங்கே வந்து வாய் அடங்கித் திரும்பிப் போகும். வெட்டுவதும் ஒட்டுவதும்தான் அவருடைய தொழில். ஆனால் அந்தப் பக்கத்தில் அவர் பெயர் அடிபடுவது, வெட்டாமல் விட்ட ஒன்றுக்காக.

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் அப்புத்துரை தன்னுடைய காரைக் கொண்டுவந்து கடை வாசலில் நிறுத்தினார். ஜப்பானில் யாரோ ஓடி முடித்து, கொழும்பில் யாரோ ஓடி அலுத்து, அவரிடம் வந்து சேர்ந்த டீசல் கார் அது. அறுபத்தெட்டு வயது மனிதர், குளத்துக்குக் கீழே வயல் செய்பவர். பேச்சில் உப்புப் புளி எப்போதும் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். கதவைச் சாத்துவதற்கு முன்னரே சொல்லிவிட்டார்.

"முத்து, இதின்ரை பில்ரரை வெட்டி, உள்ளுக்கை கிடக்கிறதைத் தட்டி எடுத்துப்போட்டு, வெறும் பைப்பா ஒட்டித் தா."

டீசல் புகையில் வருகிற கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் தேன்கூடு போன்ற ஒரு சாமான்தான் அந்த வடிகட்டி. கரி நிறைந்ததும் கார் தானாகவே கொஞ்சம் கூடுதலாக டீசல் விட்டு அதைச் சூடாக்கி, கரியை எரித்துச் சாம்பலாக்கிவிடும். எரியாமல் போனால் முன்னுக்கு ஒரு மஞ்சள் விளக்கு வரும். அதற்குப் பிறகும் எரியாவிட்டால் கார் தன் வேகத்தைத் தானே அடக்கிக்கொண்டு ஊரத் தொடங்கும். நகரத்துக் கராஜ் ஒன்றில் மூன்று தரம் கணினி பூட்டி, காரை நிறுத்தி வைத்தே எரித்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு தரமும் மூன்று கிழமைதான் தாங்கியது. இனி வந்தால் வெட்டுவது தவிர வேறு வழி இல்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். முதல் நாள் இரவு மஞ்சள் விளக்கு மறுபடியும் வந்துவிட்டது.

முன் சீற்றில் அப்புத்துரையின் மனைவி இலட்சுமி இருந்தார். பாரிசவாதம் வந்து நாலு மாதம். வலக்கை மடியில் ஒரு துவாயின்மேல் கிடந்தது. கிழமைக்கு மூன்று நாள் கிளிநொச்சிக்குப் போய் அந்தக் கைக்குப் பயிற்சி செய்விக்க வேண்டும். பஸ்ஸில் ஏற்றி இறக்க முடியாது என்பதற்காகவே அந்தக் கார் வந்தது. போன முறை விளக்கு வந்தபோது, போகிற வழியில் கொக்காவிலடியில் கார் ஊரத் தொடங்கி, அவர்கள் போய்ச் சேருவதற்குள் பயிற்சி நேரம் முடிந்துவிட்டது. அதற்கு அடுத்த பயிற்சிக்கும் போகவில்லை. இரண்டு நாள் விட்டதற்கே, நிமிரத் தொடங்கிய விரல்கள் மறுபடி மடங்கிக்கொண்டன. இந்த மாதம் விட்டால் கை இறுகிப்போகும் என்று பயிற்சி தருகிற பிள்ளை சொல்லியிருந்தாள். அடுத்த பயிற்சி மறுநாள் காலை.

சுடலைமுத்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு வெட்டு மிசினை எடுக்கவில்லை. ஒரு வெள்ளைத் துணியைக் கிழித்து விரலில் சுற்றி, புகைக் குழாயின் வாய்க்குள் விட்டுத் துடைத்துப் பார்த்தார். பிறகு காருக்குக் கீழே படுத்து, வடிகட்டிக்குப் போகிற மெல்லிய றப்பர்க் குழாய்களை ஒவ்வொன்றாகத் தடவினார், எங்காவது வெடித்திருக்கிறதா என்று. பிறகு முன்பக்கத்தைத் திறந்து ஓயில் பார்க்கிற கம்பியை இழுத்து மூக்கருகே பிடித்தார்.

"நான் வெட்ட எண்டு கொண்டந்தனான்," என்றார் அப்புத்துரை. "நீ பொம்பிளை பாக்க வந்தவன் மாதிரிச் சுத்திச் சுத்திப் பாக்கிறாய். தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லு."

சுடலைமுத்து துணியை நீட்டினார். அதில் கரியில்லை.

"பில்ரர் தன்ரை வேலையைச் செய்யுது ஐயா. வேலை செய்யிறதை வெட்ட எனக்குக் கை வராது."

பிறகு கம்பியைக் காட்டினார். ஓயில் கோட்டுக்கு மேலே ஏறி நின்றது. விரலுக்கிடையில் தேய்த்தால் தண்ணீர் போல வழுக்கியது, டீசல் மணத்தது. கரியை எரிக்க விட்ட டீசல் எரியாமல் கீழே இறங்கி ஓயிலோடு கலந்திருக்கிறது என்று விளங்கப்படுத்தினார். "நெருப்புப் பத்துது ஐயா. எரிஞ்சு முடிய முதல் ஆரோ அதை நூத்து அணைக்கினம்."

"ஆரோ எண்டால்? காருக்குள்ளை நானும் அவாவும்தான்."

"அப்ப நாளைக்கு நானும் வாறன். பின்சீற்றிலை சும்மா இருப்பன்."

அப்புத்துரைக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் வேறு யாரிடம் கொண்டுபோனாலும் அன்று பின்னேரத்துக்குள் வெட்டி முடியாது. இலட்சுமி சுடலைமுத்துவை ஒருமுறை திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். அத்தோடு கதை முடிந்தது.

கரியோடு சுடலைமுத்துவுக்கு உள்ள பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தகப்பனின் தோளில் ஏறி வன்னிக்கு வந்த பிள்ளை அவர். ஜெயபுரத்தில் காடு வெட்டின நிலத்தில் வளர்ந்தார். பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் பெற்றோல் மருந்து போலச் சொட்டுக் கணக்கில்தான் கிடைத்தது. மோட்டார் சைக்கிள்களை ஒரு சொட்டுப் பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய்ப் புகை சைலன்சரை நாலைந்து கிழமைக்குள் கரியால் அடைத்துவிடும். சைக்கிள் இளைப்புக்காரன் போல மூச்சு வாங்கும். இருபது வயது சுடலைமுத்து அந்தச் சைலன்சர்களைக் கழற்றிப் பாலை விறகு நெருப்பில் போட்டுச் சிவக்கச் சிவக்க எரித்துக் கொடுப்பார். அந்த நெருப்பில்தான் ஒன்றைக் கற்றுக்கொண்டார். பாதியில் வெளியே எடுத்தால் மிஞ்சின கரி இறுகிக் கல்லாகும். பத்தினால் எரிந்து முடியும்வரை விட வேண்டும். இரண்டாயிரத்து ஒன்பதில் போரில் எல்லாம் போய், இரும்பு அறுக்கிற வாளின் பிடி ஒன்றை மட்டும் சாரத்தில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தவர், முகாமில் தகரம் வெட்டி அடுப்புச் செய்தார். ஊருக்குத் திரும்பிய பிறகு இந்தத் தூண்களை நட்டார். இரண்டு லொறிகளுக்கு வடிகட்டியை வெட்டிக் கொடுத்தும் இருக்கிறார். அதில் ஒன்று வீதியில் போகும்போது, பின்னால் சைக்கிளில் வந்த ஒரு தாய் சேலைத் தலைப்பால் பிள்ளையின் முகத்தைப் பொத்துவதைக் கண்டார். அதற்குப் பிறகு அந்த வேலை வந்தால் முதலில் காரணத்தைத் தேடுவார்.

புதன்கிழமை காலை அவர் கடையைப் பூட்டியபோது அவருடைய மனைவி மீனம்மா, கார் திருத்தப் போகிறாரா அல்லது காரில் ஊர்வலம் போகிறாரா என்று கேட்டாள். இரண்டும்தான் என்று சொல்லிவிட்டு ஏறினார்.

கண்ணாடியை இறக்கிவிட்டு, பின்சீற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தார். மனிதர் மெதுவாக உருட்டுகிறவராக இருக்கலாம், அதனால் சூடு ஏறாமல் போகலாம் என்பது அவருடைய முதல் சந்தேகம். அது பிழைத்தது. அப்புத்துரை எழுபதில் பிடித்தால் எழுபதில் நிற்கிற ஓட்டக்காரர். கொக்காவில் தொலைத்தொடர்புக் கோபுரம் தெரிந்த அளவில் எஞ்சின் சத்தம் தடித்தது, பானைக்குள் வாயை வைத்துப் பேசுவது போல. கால் அழுத்தம் மாறாமலே டீசல் செலவு காட்டுகிற எண் ஏறியது. காய்ந்த இரும்பு மணம் வந்தது. பத்திவிட்டது. சுடலைமுத்துவுக்கு உள்ளே சந்தோசமாக இருந்தது. இப்படியே கிளிநொச்சி வரை ஓடினால் கரி இருந்த இடம் தெரியாமல் போகும்.

ஆனால் பாதி வழியில் முறிகண்டிப் பிள்ளையார் இருக்கிறார்.

அந்த வீதியால் போகிற பஸ்ஸும் லொறியும் மோட்டார் சைக்கிளும் அவரிடம் நிற்கும். நிற்காமல் போன வாகனங்களுக்கு என்ன நடந்தது என்று ஆளுக்கு ஒரு கதை வைத்திருப்பார்கள். அப்புத்துரையும் வேகத்தைக் குறைத்து, ஓரமாக விட்டு, எஞ்சினை நிறுத்தினார். நிறுத்திய பிறகும் முன்னால் எஞ்சினைக் குளிர்விக்கிற காற்றாடி ஆவேசமாகச் சுழன்றுகொண்டிருந்தது.

"கேட்டியே? எவ்வளவு சூடு. பிள்ளையாரடியிலை நிப்பாட்டிறபடியாத்தான் எஞ்சின் தப்பிக் கிடக்குது," என்றார் பெருமையோடு. தேங்காய் வாங்கப் போனார்.

சுடலைமுத்துவும் இறங்கிப் போய்க் கும்பிட்டார். அவரும் ஒருநாளும் அந்த இடத்தைத் தாண்டிப் போனவர் அல்ல. கைகூப்பி நின்றபடியே அவருக்கு விளங்கியது. கொக்காவிலடியில் பத்துகிற நெருப்பு இங்கே அணைகிறது. பிறகு தேங்காய், திருநீறு, கொறிக்கக் கச்சான் கடலை. மீண்டும் புறப்பட்டால் மறுபடி சூடேறுவதற்குள் நகரம் வந்துவிடும். திரும்பி வரும்போது அறிவியல்நகரடியில் பத்தும். மறுபடியும் பிள்ளையார். கிழமைக்கு மூன்று நாள், நாளுக்கு இரண்டு தரம். கணினி பூட்டிப் பார்த்தவர்களுக்கு இது எப்படித் தெரியும்?

அங்கே வைத்து அவர் வாயைத் திறக்கவில்லை. இலட்சுமி நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பயிற்சி நடக்கிற அறை வாசலில் நின்று பார்த்தார். மர மேசையில் இலட்சுமி ஒரு றப்பர்ப் பந்தைப் பிடிக்கவும் விடவும் பாடுபட்டார். நெற்றி வியர்த்தது. பெருவிரல் மட்டும் சொன்னதைக் கேட்டது.

வெளியே வேப்பமரத்துக்குக் கீழே அப்புத்துரையிடம் விசயத்தைச் சொன்னார். எவ்வளவு பணிவாகச் சொல்லலாமோ அவ்வளவு பணிவாகச் சொன்னார். அப்புத்துரையின் முகம் கறுத்தது.

"இவவின்ரை விரல் நிமிர்ந்தது ஆராலை எண்டு நினைக்கிறாய்? முறிகண்டியிலை இருக்கிற அந்த மனுசனைத் தாண்டி ஓடச் சொல்லுறியோ?"

"நான் சொல்லேல்லை ஐயா. நெருப்பு அணையிற இடத்தைத்தான் சொன்னனான்."

"நீயும்தானே நிண்டு கும்பிட்டனீ?"

"ஓம். நானும்தான்."

எஞ்சினை ஓடவிட்டு நின்றால் என்ன என்று அப்புத்துரை கேட்டார். கணினி பூட்டி எஞ்சினை உறுமவிடாமல் சும்மா நின்றால் சூடு இறங்கும், ஊதாத அடுப்புப் போல என்றார் சுடலைமுத்து. இலட்சுமி காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டபடி இருந்தார்.

திரும்பும் பயணத்தில் அறிவியல்நகர் தாண்டியதும் சத்தம் தடித்தது. "பத்தீட்டுது," என்றார் சுடலைமுத்து. நிற்காமல் ஓடச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. தன் வீட்டுக்காரியின் கையாக இருந்தால் தான் என்ன செய்வார் என்று நினைத்துப் பார்த்தார்.

கச்சான் கடைகள் தெரிந்தன. முன்னால் போன பஸ் ஓரத்துக்கு ஒதுங்கியது. அப்புத்துரையின் கால் தளர்ந்து கார் வேகம் குறைந்தது.

"ஓடுங்கோ," என்றார் இலட்சுமி.

நோய்க்குப் பிறகு அவருக்குச் சொற்கள் ஒவ்வொன்றாகத்தான் வரும். அப்புத்துரை அவரைப் பார்த்தார்.

"பிள்ளையார்... எழும்பிப் போகமாட்டார். எரிஞ்சு முடியட்டும். திரும்பி வருவம்."

அப்புத்துரை ஒரு கையை எடுத்து நெற்றியில் குட்டிக்கொண்டு, காலை அழுத்தினார். நின்ற பஸ்ஸையும் லொறியையும் கடந்து கார் போனது. தேங்காய் உடைத்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். பின்சீற்றில் சுடலைமுத்து கும்பிட்ட கையை எடுக்கவே இல்லை.

கொக்காவில் வந்தது. விளக்கு அப்படியே எரிந்தது. அப்புத்துரையின் கண் வீதிக்கும் விளக்குக்குமாக ஓடியது. "நூரேல்லை," என்றார். இன்னும் கொஞ்சம் என்றார் சுடலைமுத்து. பனிக்கன்குளத்தடியில் சத்தம் மெலிந்தது. எண் இறங்கியது. ஒரு மதகைக் கடந்து கொஞ்சத் தூரம் போக, மஞ்சள் விளக்கு தானாக அணைந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். அப்புத்துரை வீதி வெளித்த இடமாகப் பார்த்துக் காரைத் திருப்பினார்.

வந்த வழியே திரும்பி ஓடும்போதுதான் ஏற்பாடு பேசினார்கள். விளக்கு வராத நாளில் வழக்கம் போல நிற்பது. வந்த நாளில் நிற்காமல் ஓடி, எரிந்து முடிந்த பிறகு திரும்பிவந்து கும்பிடுவது. டீசல் கலந்த ஓயிலை அன்று பின்னேரமே மாற்ற வேண்டும், மாற்றாமல் ஓடினால் எஞ்சினையே தின்றுவிடும் என்றார் சுடலைமுத்து. வெள்ளிக்கிழமைப் பயிற்சிக்குக் காரில் ஒரு குறையும் இராது என்றும் சொன்னார். உறுதியாகத் தெரியாத எதையும் அவர் அப்படிச் சொல்வதில்லை.

முறிகண்டியில் அப்புத்துரை மூன்று தேங்காய் வாங்கினார். ஒன்றைச் சுடலைமுத்துவிடம் நீட்டினார்.

"இந்தா. தாண்டப் பண்ணினவன் நீ. நீயே கணக்குத் தீர்."

"அம்மாவெல்லோ ஓடச் சொன்னவா."

"அவவுக்கும்தான் வாங்கினனான்."

நோய் வந்த நாளிலிருந்து இலட்சுமி அந்த இடத்தில் காரைவிட்டு இறங்கினதில்லை. அப்புத்துரை திருநீற்றைக் கொண்டுவந்து பூசிவிடுவார். அன்று இலட்சுமி கதவைத் தள்ளித் தானாகவே காலை வெளியே வைத்தார். ஒரு பக்கம் கணவனும் மறுபக்கம் சுடலைமுத்துவும் பிடித்துக்கொள்ள, தேங்காய் உடைக்கிற கல் வரை நடந்தார். தேங்காயை வலக்கையில் வைக்கச் சொன்னார். விரல்கள் முழுதாக மூடவில்லை. இடக்கையைக் கீழே கொடுத்துத் தாங்கிக்கொண்டு, வலக்கையால் தள்ளினார்.

தேங்காய் கல்லில் பட்டு உருண்டது. சிதறவில்லை. சுடலைமுத்து குனிந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஓட்டில் நீளமாக ஒரு வெடிப்பு. அதிலிருந்து தண்ணீர் ஒழுகி அவருடைய விரல்களை நனைத்தது.

"உடையேல்லையோ?" என்று கேட்டார் இலட்சுமி.

"வெடிச்சிட்டுதம்மா. இண்டைக்கு இது போதும்."

சுடலைமுத்து அதைக் கல்லின் மேலேயே வைத்தார்.