வேகத்தில் இறுகிய ஸ்டியரிங்

நானும் என் மனைவியின் அண்ணனும் ஒரே காரை டாக்ஸியாக ஓட்டினோம். காலையிலிருந்து மதியம் இரண்டு மணி வரை நான், அதற்குமேல் மச்சான். தாராவியில் எங்கள் சந்து முனையில் சாவி கைமாறும்.

ஒரு புதன்கிழமை காலை தாணேக்குச் சவாரி. விக்ரோலி தாண்டி வேகம் பிடித்ததும் ஸ்டியரிங் இறுகியது. லேசாக வளைத்தால் யாரோ பிடித்து இழுப்பதுபோல் நடுவுக்கு ஓடியது. திங்கட்கிழமை வரை ஒற்றை விரலுக்குத் திரும்பிய ஸ்டியரிங் அது. செவ்வாய்க்கிழமை முழுக்க வண்டி மச்சானிடம்தான் இருந்தது. மச்சான் எங்கோ டிவைடரில் மோதிவிட்டு மறைக்கிறார் என்று அப்போதே முடிவுகட்டினேன்.

பயணியை இறக்கிவிட்டு, சாலையோரம் குப்புறப் படுத்து அடிப்பக்கம் பார்த்தேன். கீறல்கூட இல்லை. சரிசெய்துவிட்டுத்தான் தந்திருக்கிறார் என்று சந்தேகம் இன்னும் வளர்ந்தது. மதியம் சாவியை வாங்கும்போது அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பே பிடிக்கவில்லை.

மறுநாள் மதியம் அவர் சிரிக்கவில்லை. வண்டியைச் சுற்றிவந்து டயரைத் தடவினார்.

“மாப்ள, மறைக்காம சொல்லுங்க. வண்டிய எங்கயும் இடிச்சியளா?”

“நானா? நீங்க இடிச்சிட்டு எங்கிட்ட கேக்கியளா?”

சந்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இருவரும் வண்டியில் ஏறி, செவ்வாய்க்கிழமை மச்சான் வண்டியை சர்வீஸுக்கு விட்டிருந்த செம்பூர் பட்டறைக்கே போனோம்.

அங்கே ஒரு பெண் மெக்கானிக் லேப்டாப்பை வண்டியில் இணைத்துப் பார்த்தார். “குச் கராப் நஹி ஹை.” எதுவும் கெடவில்லையாம். இந்த ஸ்டியரிங்கைத் திருப்ப உதவுவது ஒரு மின்மோட்டார். எவ்வளவு உதவுவது என்பதை சாஃப்ட்வேர் தீர்மானிக்கிறது. வேகத்தில் ரொம்ப லேசாக இருக்கிறது என்று பலர் குறைசொன்னதால் கம்பெனி அதை மாற்றிவிட்டது. சர்வீஸின்போது அந்தப் புதிய சாஃப்ட்வேரை ஏற்றியவர்கள் எங்களிடம் சொல்லவில்லை. மச்சான் அன்று நெரிசலில் ஊர்ந்தே வீடு வந்ததால் அவருக்கும் தெரியவில்லை.

நான் நம்பவில்லை. அதே மாடலில் வேறொரு வண்டியை ஓட்டிப் பார்க்கக் கேட்டேன். தந்தார். அதுவும் அப்படியே இறுகியது. பழையபடி மாற்றித் தர முடியுமா என்று மச்சான் கேட்டார். முடியாதாம்.

திரும்பும்போது மச்சான் மெல்லச் சொன்னார்: “நேத்துலருந்தே உங்க மேலதான் சந்தேகம் மாப்ள. மனசுல வச்சுக்கிடாதிய.”

“விடுங்க மச்சான், எனக்கும் அதே நெனப்புதான்” என்றேன்.

இப்போதெல்லாம் சர்வீஸ் முடிந்ததும் இருவரும் சேர்ந்து விரைவுச் சாலையில் ஓட்டிப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுகிறோம். பட்டறைக்காரர்களுக்கு அது பிடிப்பதில்லை.